லியுப்லியானாவைக் கயாக்கில் பார்ப்பது: நகரத்துக்குள் மட்டுமா, சதுப்பு நிலத்திலிருந்தா?

துடுப்புக்காரன் (வியன்னா)

அனைவருக்கும் வணக்கம். ஜூன் மாதம் ஒரு நீண்ட வார இறுதிக்கு நானும் மனைவியும் மச்சானும் ஸ்லோவேனியாவின் தலைநகர் லியுப்லியானாவுக்குப் போகிறோம். ஊர் நடுவே லியுப்லியானிட்சா ஆறு ஓடுகிறது. பழைய நகரம் கோட்டைக் குன்றுக்கும் அந்த ஆற்றுக்கும் இடையில் நெருக்கியடித்து நிற்கிறது. கயாக் என்ற சிறு துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைப்பதால் ஊரை ஆற்றிலிருந்தே பார்க்க ஆசை.

இரண்டு வழிகள் கண்ணில் படுகின்றன. ஒன்று, நகரின் தெற்கு விளிம்பில் இருக்கும் ஷ்பிட்சாவில் ஏறி, டிராகன் பாலம் வரை போய்த் திரும்புவது. போக மட்டும் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. இன்னொன்று, தெற்கே சதுப்பு நிலத்தில் உள்ள போட்பெச் கிராமத்தில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் துடுப்புப் போட்டு நகரத்துக்குள் நுழைவது. மனைவி முதல் கட்சி, மச்சான் இரண்டாவது கட்சி. எனக்கு வாக்கு இருந்தும் போட இடமில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நடைவண்டி

உங்கள் ஆசையில் மண்ணைப் போடுவதற்கு மன்னிக்கவும். அந்த நகரத்துக்குள் கயாக் எதற்கு? ஆறு அங்கே ஓர் ஆழமான தொட்டிக்குள் ஓடுகிறது. இரண்டு பக்கமும் சுவர். தண்ணீரில் உட்கார்ந்தால் சுவரும், சுவருக்கு மேலே காப்பி குடிப்பவர்களின் செருப்பும் தெரியும்.

2007 முதல் நகர மையத்துக்குள் கார் கிடையாது. 2016இல் ஐரோப்பாவின் பசுமைத் தலைநகரம் என்ற பட்டமும் வாங்கினார்கள். நடந்து பார்ப்பதற்கென்றே ஒழுங்கு செய்யப்பட்ட ஊர் அது. புகழ்பெற்ற மூன்று பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 1842இல் கட்டிய கல் பாலம் இருந்தது. 1929க்கும் 1932க்கும் இடையில் கட்டிடக் கலைஞர் யோஷே பிளெச்னிக் அதன் இருபுறமும் நடப்பவர்களுக்காக ஒவ்வொரு பாலம் சேர்த்தார். மூன்றும் விசிறி போல விரிந்து சதுக்கத்தில் சேர்கின்றன. அந்த விரிவு மேலே நின்றால்தான் தெரியும். மேலிருந்து பார்க்கக் கட்டியதைக் கீழே போய் அண்ணாந்து பார்ப்பானேன்?

கல்யாணி (கிராட்ஸ்)

நடைவண்டி சொல்வதில் பாதி உண்மை. சுவர் இருக்கிறது. ஆனால் அது முழுக்க ஒரே சுவர் என்பதுபோல எழுதுகிறீர்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

நான் அந்த ஆற்றுக்கு அடிக்கடி போகிறவள். ஷ்பிட்சாவிலிருந்து வடக்கே திரும்பினால் சற்று நேரத்தில் தெர்னோவோ படித்துறை. 1930களில் பிளெச்னிக் அமைத்தது. கரை முழுவதும் கல் படிகளாகத் தண்ணீர் வரை இறங்குகிறது. மேலே வில்லோ மரங்கள் வரிசையாகக் குனிந்து நிற்கும். மாலையில் மாணவர்கள் படிகளில் சாய்ந்து கிடப்பார்கள். அதைத் தாண்டியதும் கிராடாஷ்சிட்சா என்ற சிற்றாறு இடப்பக்கத்திலிருந்து வந்து கலக்கும். அதற்குப் பிறகு படி மறைந்து கரை செங்குத்தாகிவிடும். அந்த மாற்றத்தை நடந்து போகிறவர் கவனிப்பதில்லை, ஏனென்றால் அவர் காலடியில் தரை ஒரே மட்டமாக இருக்கிறது. கயாக்கில் உங்கள் கண் நீருக்கு மேல் ஒரு மீட்டர்கூட இல்லை. வெளிச்சம் குறைவதும் பேச்சுச் சத்தம் சுவரில் மோதித் திரும்புவதும் உடனே தெரியும்.

அடுத்து இடப்பக்கம் பிரெக் என்ற கரை. இன்று அங்கே உணவக மேசைகள்; ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரம் பழம்பொருள் சந்தை. ரயில் வருவதற்கு முன் அதுதான் ஊரின் துறைமுகம். ட்ரியெஸ்டே துறைமுகத்துச் சரக்கு வண்டியில், ஆற்றின் மேற்பகுதியில் உள்ள வெர்ஹ்னிகா வரை வந்து, அங்கே படகில் ஏறி, இங்கே இறங்கும். கிராகோவோவும் தெர்னோவோவும் மீனவர்களும் படகுக்காரர்களும் வாழ்ந்த புறநகர்கள். 1857இல் வியன்னாவிலிருந்து ட்ரியெஸ்டே வரை ரயில்பாதை முழுமை பெற்றது. படகுத் தொழில் படுத்துவிட்டது. ஆக, அந்த ஊருக்குள் சரக்கு நுழைந்த வாசல் தண்ணீர்தான். நாம் இன்று நடந்து நுழைவது பின்னால் வந்த வழக்கம்.

அப்புறம் மத்தியச் சந்தை. மேலே சந்தைக்குப் போனால் தூண் வரிசையும் கடைகளும் தெரியும். ஆற்றுப் பக்கமோ அதே கட்டிடம் வளைவு ஜன்னல்களோடு ஒரு மாளிகையின் முகமாகத் தண்ணீரிலிருந்தே எழுகிறது. பிளெச்னிக் போர்க்காலத்தில் கட்டியது. மீன் கடைகள் கீழ்த்தளத்தில். அந்த ஜன்னல்களுக்கு அடியில் துடுப்பை நிறுத்திப் பாருங்கள். வெட்டுகிற கத்திச் சத்தமும் கழுவுகிற தண்ணீர்ச் சத்தமும் காதில் விழும், ஆளைத்தான் காணமுடியாது.

நடைவண்டி

சந்தையின் ஆற்று முகத்தை எதிர்க்கரையில் நின்று நன்றாகவே பார்க்கலாம், அம்மா. இன்னும் சொன்னால் அங்கிருந்துதான் முழு நீளமும் தெரியும். அடியில் போய் நின்றால் மூக்குக்கு முன்னால் சுவர்தான். மீன் சத்தம் கேட்பதற்குக் கயாக் வாடகை கொடுக்கவேண்டுமா?

துறைமுகம் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துறைமுகத்துக்குப் படகில் வருவதென்றால் எங்கிருந்தாவது வரவேண்டும். ஷ்பிட்சாவிலிருந்து புறப்பட்டு வருவது வீட்டுக் கொல்லையிலிருந்து வாசலுக்கு வருவது மாதிரி. என்னைக் கேட்டால் முதல் வழியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

ஓய்வுபெற்ற பொறியாளர் (திருச்சி)

மகள் வீட்டுக்கு ஐரோப்பா போயிருந்தபோது அந்த ஊரில் தங்கினேன். என் பணிக்காலம் முழுவதும் மதகும் வாய்க்காலும்தான். அதனால் சுவரை யாராவது குறைசொன்னால் கை சும்மா இருக்காது.

நண்பர் நடைவண்டி அவர்களே, அந்தச் சுவர்தான் அந்த ஊரின் வரலாறு. தெற்கே சுமார் 160 சதுர கிலோமீட்டர் சதுப்பு நிலம். அதன் தண்ணீர் முழுவதும் கோட்டைக் குன்றை ஒட்டிய ஓர் இடுக்கு வழியாக வடிந்தாக வேண்டும். மழை பெய்தால் சதுப்பு நிலம் ஏரியாகும். 1772இல் கேப்ரியல் குரூபர் என்ற இயேசு சபைத் துறவி குன்றின் மறுபக்கமாக ஒரு வெள்ள வடிகாலைத் தொடங்கினார். 1780இல் அந்த வேலை முடிந்தது. இன்றும் அது குரூபர் கால்வாய். ஷ்பிட்சா என்பது ஆறும் கால்வாயும் பிரிகிற முனை. அங்கே கயாக்கில் நிற்கும்போது இடப்பக்கம் ஊர், வலப்பக்கம் வெள்ளத்துக்காக வெட்டிய வழி. ஒரு நகரத்தின் தலையெழுத்தை இவ்வளவு தெளிவாக ஒரே இடத்தில் பார்ப்பது அபூர்வம்.

பிறகு இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நகரத்துக்குள் ஆற்றின் அடியை ஆழப்படுத்திச் சுவர் எழுப்பினார்கள். நீங்கள் தொட்டி என்கிறீர்களே, அது அப்போது வந்ததுதான். ஆழப்படுத்தியதில் புதுச் சிக்கல்: கோடையில் நீர்மட்டம் கீழே போய்விடும். அதனால் டிராகன் பாலத்தைத் தாண்டி ஆறு போகும் பக்கம் மதகு வைத்து மட்டத்தைப் பிடித்துவைத்தார்கள். அதை வடிவமைத்ததும் பிளெச்னிக். வெறும் இரும்புக் கதவோடு விட மனமில்லாமல் மூன்று கோபுரமும் தூண்களுமாக ஒரு வெற்றி வளைவாகவே கட்டிவிட்டார். உங்கள் கயாக் அசையாமல் மிதப்பது அந்த மதகின் புண்ணியம்.

இன்னொன்று. எல்லோரும் டிராகன்களைப் படம் எடுக்கிறார்கள். நான் பாலத்தின் அடியைப் பார்க்கவேண்டும் என்று படகு டிக்கெட் வாங்கினேன். 1895இல் ஈஸ்டர் சமயத்தில் பெரிய நிலநடுக்கம். ஊர் நொறுங்கியது. பழைய மரப்பாலத்துக்குப் பதிலாக 1901இல் இதைத் திறந்தார்கள். வளைந்த இரும்பு விட்டங்களைக் கான்கிரீட்டுக்குள் புதைக்கிற மெலான் முறை. 33 மீட்டர் தூரத்தை ஒரே வளைவில் தாண்டுகிறது. அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான வேலை. மேலே நின்றால் சாலை, டிராகன், கூட்டம். கீழே போனால்தான் வளைவு எவ்வளவு தட்டையாகப் படுத்திருக்கிறது என்று தெரியும். சுற்றுலாப் படகு நிற்காமல் போய்விட்டது, அதுதான் என் குறை. கயாக்கில் போகிறவர் விருப்பம்போல நிற்கலாம்.

மூன்று பாலத்துக்கு அடியிலும் அப்படித்தான். நடுவில் பழைய கல் வளைவுகள், இருபுறமும் கான்கிரீட் வளைவுகள். மேலே ஒரே மாதிரிக் கைப்பிடிச் சுவர் போட்டு மூன்றையும் ஒரு குடும்பமாக்கிவிட்டார். வயது வித்தியாசம் அடியில்தான் தெரியும்.

நடைவண்டி

ஐயா, இப்படி எழுதினால் எப்படிச் சண்டை போடுவது? பாலத்தின் அடி என்ற வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கூட்டம் பற்றிய வாதம் இன்னும் பாக்கி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

சூரிச்வாசி

கல்யாணி அக்கா, பொறியாளர் ஐயா இருவரும் நகரத்திலேயே நின்றுவிட்டார்கள். நான் மச்சான் கட்சி. நான் இருக்கிற சூரிச் ஏரிக்கரையிலும் பழங்கால மரத்தூண் குடியிருப்புகளின் எச்சம் இருக்கிறது. 2011இல் ஆல்ப்ஸ் மலையைச் சுற்றி ஆறு நாடுகளில் இருக்கிற 111 இடங்களைச் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. லியுப்லியானாவின் சதுப்பு நிலத்தில், இக் என்ற கிராமத்தருகே உள்ள இடங்களும் அதே பட்டியலில்தான். அந்த ஒட்டுதலில்தான் நான் அங்கே போனேன்.

அந்தச் சதுப்பு நிலத்தில் 2002இல் ஒரு மரச் சக்கரம் கிடைத்தது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. சக்கரம் ஆஷ் மரம், அச்சு ஓக் மரம். இப்போது லியுப்லியானா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அச்சைச் செருகிய ஓட்டை வட்டமில்லை, சதுரம். அதாவது அச்சும் சக்கரத்தோடு சேர்ந்தே சுழன்றது. ஆப்பு அடித்து இறுக்கிய இடம்கூடக் கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிறது.

ஆற்றுக்குள்ளும் அப்படித்தான். வாள், ஈட்டி, ரோமர் காலத்துப் பாத்திரம் என்று முக்குளிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள். வெர்ஹ்னிகா பக்கம் கிடைத்த ஒரு மர முனையின் வயது நாற்பதாயிரம் ஆண்டு அளவில் என்று கணித்திருக்கிறார்கள். படகு கவிழ்ந்து விழுந்தவையா, ஆற்றுக்குக் காணிக்கையாகப் போட்டவையா என்று இன்றும் அறிஞர்கள் வாதாடுகிறார்கள். பொருள்களைக் கண்டபடி அள்ளியதால் 2003இல் ஆற்றுப் படுகையையே பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சின்னமாக்கிவிட்டார்கள். ஆக துடுப்பால் எதையாவது கிளறி எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்!

போட்பெச் வெறும் புறப்படும் இடமும் இல்லை. அங்கே கல் குவாரி. கறுப்புச் சாயல் சுண்ணாம்புக் கல், அதில் வெள்ளைக் கீற்றாகக் கிளிஞ்சல் படிமம். ரோமர்கள் இன்றைய லியுப்லியானா இருக்கும் இடத்தில் எமோனா நகரைக் கட்டியபோதே அந்தக் கல் இதே ஆற்றில் படகேறிப் போயிருக்கிறது. பிளெச்னிக்கும் அதை விரும்பிப் பயன்படுத்தினார். போட்பெச்சிலிருந்து நீங்கள் துடுப்புப் போட்டால் கல் போன வழியில் போகிறீர்கள். ஊருக்குள் நடக்கும்போது படிகளிலும் தூண்களிலும் அந்த வெள்ளைக் கீற்று கண்ணில் பட்டால் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

மாங்கொட்டை

கிரேக்கப் புராணத்து யாசோன் கதையை யாரும் சொல்லவில்லையே? தங்க ஆட்டுத்தோலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த கிரேக்கர்கள் டான்யூப், சாவா, லியுப்லியானிட்சா என்று எதிர்நீச்சலில் ஏறி இங்கே வந்தார்களாம், டிராகனைக் கொன்றார்களாம், அப்புறம் கப்பலைப் பிரித்துத் தோளில் சுமந்து கடலுக்குக் கொண்டுபோனார்களாம். உலகத்திலேயே முதல் மடக்குப் படகு!

நீலவேணி

ஒரு சாதாரணக் கேள்வி. எனக்கு நீச்சல் அரைகுறை. பத்து வயது மகளும் வருவாள். இந்த ஆறு எப்படி? வரலாறு பிறகு.

கல்யாணி (கிராட்ஸ்)

நீலவேணி, நல்ல நாளில் அது மிக அமைதியான ஆறு. சதுப்பு நிலப் பகுதியில் சரிவே இல்லை என்று சொல்லலாம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இலையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். ஆனால் கரையேற இடம் குறைவு. சதுப்பு நிலத்தில் கரை சேறும் புதரும். ஊருக்குள் சுவர். விழுந்தால் நடந்து வெளியே வரமுடியாது. ஆகவே மிதவைச் சட்டை கட்டாயம், மகளுக்கு அவள் அளவில். அரைகுறை நீச்சலோடு போட்பெச் பயணம் வேண்டாம். ஷ்பிட்சா பக்கம் இரட்டைக் கயாக்கில், தெரிந்தவர் பின்னால் உட்கார, அரை மணி போய்வாருங்கள்.

எல்லோருக்குமே இரண்டு விஷயம். முதலாவது, மழை. இந்த ஆறு சுண்ணாம்புப் பாறைக்குள் பலமுறை மறைந்து மறைந்து வெளிப்படுகிறது. போஸ்டோய்னா குகைக்குள் ஓடும் பிவ்காதான் கடைசியில் இதுவாகிறது. அதனால் மேலே பெய்த மழை பூமிக்குள் சுற்றிவிட்டு மெதுவாக வெளியே வரும், மெதுவாகத்தான் வடியும். வானம் வெளுத்துவிட்டதே என்று இறங்கக்கூடாது. ஷ்பிட்சாவில் தண்ணீர் கலங்கி, கிளைகள் மிதந்து வந்தால் காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

இரண்டாவது, எல்லை. ஷ்பிட்சாவில் வலப்பக்கம் குரூபர் கால்வாய்க்குள் திரும்பாதீர்கள். ஊருக்குள் டிராகன் பாலம் தாண்டியதும் திரும்பிவிடுங்கள். மதகை ஒட்டிப் போவது விளையாட்டல்ல. எதுவரை போகலாம், எங்கே இறங்கலாம் என்ற அன்றைய விதியைக் கயாக் கொடுப்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருமுறை நான் வாடகைக்கு எடுத்த இடத்தில் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை; நாமாகத்தான் கேட்கவேண்டும்.

குழந்தைக்கு ஓர் இனிப்புச் செய்தி: கரையோரம் நூட்ரியா இருக்கும். பெருச்சாளிக்கும் நீர்நாய்க்கும் நடுவில் ஏதோ ஒன்று, ஆரஞ்சு நிறப் பற்கள். தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பிராணி. பூனை அளவுக்கு இருக்கும், மனிதரைக் கண்டு பயப்படாது. சாப்பாடு போடவேண்டாம்.

மட்டுறுத்துநர்

ஷெங்கன் விசா, சைவ உணவகம் பற்றிய பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். மாங்கொட்டை, மடக்குப் படகு வரலாற்றுக்குத் தனி இழை வேண்டாம்.

நடைவண்டி

பாக்கி வைத்த வாதத்துக்கு வருகிறேன். ஜூன் மாதப் பகல் பொழுதில் மூன்று பாலத்துக்கு அடியில் சுற்றுலாப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நின்று பலகையில் துடுப்புப் போடுகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். காலையில் போட்பெச்சில் கிளம்பினால் இவர்கள் ஊருக்குள் நுழைவது சரியாக அந்த நெரிசலில். அரை நாள் துடுப்புப் போட்ட களைப்பில் பாலத்தின் வளைவை யார் பார்ப்பார்கள்? கழிப்பறை எங்கே என்றுதான் பார்ப்பார்கள்.

என் யோசனை: போட்பெச்சிலிருந்து ஷ்பிட்சா வரை கயாக். அங்கே இறங்கிவிட்டு ஊருக்குள் நடை. பொறியாளர் ஐயாவின் வளைவுகளை இந்த முறை விட்டுவிடுங்கள்.

கல்யாணி (கிராட்ஸ்)

நெரிசல் உண்மை. முடிவு தவறு. இரண்டையும் ஒரே பயணமாக்கவேண்டும் என்று யார் சொன்னது? ஒருநாள் போட்பெச்சிலிருந்து ஷ்பிட்சா. மறுநாள் விடிந்ததும், சுற்றுலாப் படகு ஓடத் தொடங்கும் முன், ஷ்பிட்சாவிலிருந்து டிராகன் பாலம். சந்தை விழித்துக்கொண்டிருக்கும், உணவகங்கள் தூங்கிக்கொண்டிருக்கும். அவ்வளவு காலையில் கயாக் தருவார்களா என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் மாலை கடைசிப் படகுக்குப் பிறகு. ஜூனில் வெளிச்சம் நெடுநேரம் இருக்கும்.

வரிசையும் முக்கியம். சதுப்பு நிலத்தில் முதல் நாள் நாணலையும் சேற்றுக் கரையையும் பார்த்துவிட்டு மறுநாள் அந்தச் சுவர்களுக்கு நடுவே போனால், அவற்றை ஏன் கட்டினார்கள் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. தலைகீழாகச் செய்தால் சதுப்பு நிலம் சலிப்பாக இருக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன்: போட்பெச் வழியில் நீண்ட நேரம் எதுவுமே நடக்காது. புல், புதர், தூரத்தில் மலை, எப்போதாவது ஒரு கொக்கு. உங்கள் மனைவிக்கு அது பிடிக்குமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

பொறியாளர் (திருச்சி)

அம்மாவின் வரிசைக்கு என் ஓட்டு. மேலும் ஒன்று. சந்தைக் கட்டிடத்தின் நடுவில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. பிளெச்னிக் அங்கே கூரையிட்ட ஒரு பாலம் கட்டத் திட்டம் போட்டு இடம் விட்டிருந்தார். போர் வந்தது, கட்டவில்லை. 2010இல்தான் அங்கே கசாப்புக்காரர் பாலம் வந்தது. ஓரம் கண்ணாடித் தரை. அதனால் கீழே போகிற உங்களை மேலே நடப்பவர்கள் தலைகீழாகப் பார்ப்பார்கள். காதலர்கள் கம்பியில் பூட்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த எடையைப் பாலம் கட்டியவர் கணக்கில் எடுத்திருக்கமாட்டார்.

துடுப்புக்காரன் (வியன்னா)

அனைவருக்கும் நன்றி. வீட்டில் இழையை முழுவதும் வாசித்துக் காட்டினேன். "எதுவுமே நடக்காது" என்ற வரியைக் கேட்டதும் மனைவி தெளிவாகிவிட்டார்: போட்பெச் பயணம் எனக்கும் மச்சானுக்கும் மட்டும். அவர் அன்று சூரிச்வாசி சொன்ன சக்கரத்தையும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையையும் பார்க்கப் போகிறார். திங்கள் விடியற்காலையில் மூவரும் ஷ்பிட்சாவில் ஏறுகிறோம். இரட்டைக் கயாக் ஒன்று, ஒற்றை ஒன்று. மழை பெய்திருந்தால் நடைவண்டி கட்சிக்கு மாறிவிடுவோம்.

சூரிச்வாசி

வரிசையை மாற்றாதீர்கள் அண்ணா. சக்கரத்தைத் திங்களுக்குத் தள்ளினால் அருங்காட்சியகம் மூடியிருக்கும். கோட்டைக்கு அப்படிக் கிடையாது; மேலே ஏறினால் குன்றின் ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் குரூபர் கால்வாய் போகிற தடம் இரண்டும் தெரியும்.

நடைவண்டி

கோட்டைக்கு நடந்தே ஏறுங்கள். கம்பிவட ரயில் இருக்கிறது, அதற்கு ஆசைப்படவேண்டாம்.